அடியில் இருந்த பெயர்

அன்றைக்கு மேருவில் எங்கள் லோரி கம்பெனி ஆபீசின் மேல்மாடியில் இருந்தவர்கள்: முதலாளி. கணக்கு பார்க்கும் அக்கா. என் மனைவி. அவளோடு கிளாசில் படித்தவன். கதவோரம் நான்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. பெரிய திரை ஒன்று கீழே ஸ்டோரில் கிடந்தது. தூக்கி வரச் சொன்னார்கள். தூக்கி வந்தேன். வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் இருந்தான். அதனால் நானும் இருந்தேன்.

நான் லோரி ஓட்டுகிறவன். கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்றுவேன். மேரு, சுங்கை வே, சுங்கை பூலோ, எங்கே சொன்னாலும் கொண்டுபோய் இறக்குவேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் முடிந்தது. என் மனைவி அதே கம்பெனியில் கிளார்க். எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவள் வேலை.

"வீட்டுலயும் அண்ணி சொல்றதுதான், ரோட்டுலயும் அண்ணி சொல்றதுதான்" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடிக்கும். பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் இரண்டு பேரும் ஒரே காரில் மேருவுக்குப் போவோம். நான் ஓட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலை காயவைப்பாள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி முடியைக் காற்றில் விடுவாள். பேச மாட்டோம். லோரி நிற்கும் யார்டு வந்ததும் முடியை முடிந்துகொண்டு இறங்குவாள். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

முதலாளிக்கு ஒரு கவலை. லோரி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகமாக இருக்கிறது என்று. எந்த கேட்டில் நிற்கிறது, எந்த கஸ்டமர் நிறுத்திவைக்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் குப்பையாக இருக்கிறது. வெளியே ஆள் வைத்துச் செய்யலாம் என்றார். என் மனைவி, நான் படித்துச் செய்கிறேன் என்றாள்.

முதலாளி அவளைப் பார்த்தார்.

"உன்னால முடியுமாம்மா?"

"முடியலன்னா வெளி ஆளக் கூப்பிடுங்க பாஸ்."

"சரி. இது ஓடுச்சுன்னா பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுல இதுக்குன்னே ஒரு நாற்காலி போடறேன். யாரு செஞ்சாங்களோ அவங்களுக்கு."

பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் புதிது. ஏர்கான் நல்லா இருக்கும். கஸ்டமர் வந்து போகிற இடம். சம்பளமும் கூட. அவள் அன்றைக்குச் சாயங்காலம் காரில் அதைச் சொன்னாள். நான் "ம்" என்றேன். பிரிக்பீல்ட்ஸ் வேறு திசை. அவளுக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

அதற்காக அவள் சேர்ந்த கம்ப்யூட்டர் கிளாசும் பிரிக்பீல்ட்ஸில்தான், ஒரு கடைக்கு மேலே. சனிக்கிழமை மதியம். நான் கொண்டுபோய் விடுவேன். கீழே ரோட்டோர ஒட்டுக்கடையில் தே தாரே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலே ஜன்னல் தெரியும். ஆள் தெரியாது.

முதல் நாள் கிளாஸ் முடிந்து படியில் இறங்கி வந்தாள். பக்கத்தில் ஒருவன். ஒல்லியாக, வெள்ளைச் சட்டை, நல்ல வாசனை. சுங்கை பூலோவில் வீடாம். பேங்கில் இந்த வேலையே செய்கிறவன். சர்டிபிகேட்டுக்காகப் படிக்க வந்தானாம். பாதி கிளாசுக்கு அவன்தான் சொல்லிக் கொடுக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

"ஹலோ அங்கிள்" என்றான்.

எனக்கு ஐம்பத்திரண்டு. அங்கிள் சரிதான். குற்றம் இல்லை. ஆனால் திரும்பி அவளிடம் பேசும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டான். அக்கா இல்லை. ஆன்டி இல்லை. பேர். நம் ஊரில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணைக்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கிள், என் பெண்டாட்டி பேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு தடவையும் அக்கா வரவில்லை.

அவளைக் கேட்டேன்.

"உன்னை அக்கான்னு கூப்பிட மாட்டானா?"

"கிளாசுல எல்லாரும் பேர்தான்."

"ம்."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்ல."

பொறாமைதான். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் வாழையிலையில் சாப்பிட்டோம். அவன்தான் கூப்பிட்டான். என் மனைவி அப்பளம் சாப்பிட மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்பளம் என் இலைக்கு வரும். கேட்காமல் வரும். அன்றைக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். அவள் அப்பளத்தை எடுத்தாள். கை பாதி தூரம் வந்தது. அவன், "வேணாமா? இப்படித் தாங்க" என்றான். வைத்துவிட்டாள். அவன் நொறுக்கிச் சாப்பிட்டான். சத்தமாக.

இலையை மடித்துவிட்டு நான்தான் முதலில் எழுந்தேன். காசை நானே கட்டினேன். "ஐயோ அங்கிள், நான் கூப்பிட்டேன்ல" என்றான். "பரவால்ல" என்றேன்.

யார்டில் விஷயம் பரவிவிட்டது. துறைமுகத்தில் வரிசை நிற்கும்போது டிரைவர்கள் இறங்கிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வேறென்ன வேலை.

"அண்ணே, அண்ணி கம்ப்யூட்டர் இஞ்சினியராம்ல?"

"படிக்கிறா."

"பேங்க்காரன் ஒருத்தன் சொல்லித் தரானாம்ல?"

"கிளாசுல வாத்தியார் இருக்காரு."

"வாத்தியார் வயசானவரு அண்ணே. பேங்க்காரன் ஸ்டைலா இருக்கானாம் லா."

"டேய், அண்ணனைப் பாரு. ஹாரன்மேல கை வச்சிட்டாரு."

சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. லோரியில் ஏறினேன். ஹாரனை அடிக்கவில்லை.

வீட்டில் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் இருந்தது. மகளுக்கு ஜொகூரில் வேலை. கம்பெனி புதிது கொடுத்துவிட்டது. என் மனைவி அந்தப் பழையதைச் சமையலறை மேசையில் வைத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து மீன் கூடையைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்குத்தான் ஆரம்பம்" என்றாள்.

திரை கறுப்பாக இருந்தது. படம் இல்லை, பட்டன் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

"எங்க அமுக்கறது?"

"அமுக்கறது இல்ல. எழுதணும். ஒரு வரி கட்டளை. அது டெம்ப்ளேட்டை, ஏற்கெனவே செஞ்சு வச்ச அச்சை, கொண்டு வரும். பிறகு அது கேள்வி கேக்கும், நாம பதில் சொல்லணும். முழுசாச் சொன்னா வீட்டையே கட்டிக் குடுத்துரும்."

"என்ன வீடு?"

"வீடுன்னா பெட்டிங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெட்டி. கழுவாத காய் ஒரு பாத்திரம். நறுக்குன காய் ஒரு பாத்திரம். சமைச்சது ஒரு பாத்திரம். கழுவாததுல மட்டும் திரும்பக் கை வைக்கக் கூடாது. கெட்டுப்போனா மறுபடி அங்கருந்துதான் ஆரம்பிக்கணும். எல்லாப் பாத்திரத்தையும் வரிசையா அதுவே அடுக்கிக் குடுக்கும். நாம சமைச்சாப் போதும்."

எனக்குப் புரிந்தது. நல்லாச் சொன்னாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கிளாசுல இதைச் சொன்னேன். பேங்க்ல இருக்கறவரு சிரிச்சிட்டு எல்லார்கிட்டயும் சொன்னாரு. நல்ல உதாரணம்னாரு."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வந்தது இரண்டாம் கை.

டெம்ப்ளேட்டும் அவனுடையதுதான். வாத்தியார் கொடுத்தது பழசு, என்னுடையது பேங்கில் ஓடுகிற மாதிரி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருக்கிறான். வரியை எழுதினாள். அது கேட்க ஆரம்பித்தது. வேலைக்கு என்ன பெயர். கொடுத்தாள். அடுத்து, செய்கிறவர் பெயர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐ.சி.யில், அடையாள அட்டையில், உள்ளபடி முழுப்பெயரையும் அடித்தாள். நம் ஆட்களுக்கு ஐ.சி.யில் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். நடுவில் ஒரு சாய்ந்த கோடு. அதற்குப் பிறகு அப்பா பெயர்.

தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து ஓடியது.

"என்னாச்சு?"

"தெரியல. பேர் கேட்டுச்சு, குடுத்தேன். திட்டுது."

மறுபடி அடித்தாள். மறுபடி திட்டியது. போனை எடுத்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். என் மீன் கூடைக்குப் பக்கத்தில்.

அவன் அவள் பேரைச் சொன்னான். பிறகு, "என்ன லா, ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டீங்களா?" என்றான்.

அவள் சிரித்தாள்.

"பேர் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

"எப்படிப் போட்டீங்க?"

"ஐ.சி.ல உள்ளபடி."

"ஐயோ. ஏ/பி எல்லாமா? நடுவுல கோடு இருக்குல்ல, அதான். பேரை வச்சுத்தான் அது பெட்டிக்குப் பேர் வைக்கும். கோட்டைப் பார்த்தா இன்னொரு பெட்டிக்குள்ள போகச் சொல்றாங்கன்னு நினைச்சுக்கும். அப்படி ஒரு பெட்டியே இல்ல. முழிக்குது."

"அப்ப என்ன போடறது?"

"ஒண்ணும் போட வேணாம். சும்மா என்டர் தட்டுங்க. ஏற்கெனவே உள்ளதை அது எடுத்துக்கும்."

தட்டினாள். சிவப்பு வரவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அதற்கும் என்டர். அதற்கடுத்ததற்கும் என்டர். முடிந்தது. பெட்டியெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"பாருங்க" என்றாள் என்னிடம். முகம் பளிச்சென்று இருந்தது.

ஏற்கெனவே உள்ளது என்றால் என்ன உள்ளது என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேறு யோசனை. ஞாயிற்றுக்கிழமைகூட என்றானே. அப்படியென்றால் மற்ற நாளெல்லாம்?

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அந்த மேசை அவளுடையதாகிவிட்டது. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். லோரி வந்த நேரம், கேட்டில் நின்ற நேரம், இறக்கிய நேரம் எல்லாவற்றையும் கழுவினாள், நறுக்கினாள். சில நேரம் என்னிடமும் கேட்பாள்.

"சுங்கை வே கஸ்டமர்கிட்ட ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

"ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணுதான்."

"அதை யாரும் சொல்லலையே."

"யாரும் கேக்கல."

அவள் அதை எழுதிக்கொண்டாள். அன்றைக்கு நல்லாத் தூங்கினேன்.

வேலை முடிந்தது. இனி அதை ஏற்ற வேண்டும். டிப்ளாய் என்றாள்.

"அப்படின்னா?"

"இப்ப நம்ம யார்டுலயே நிக்குது. யாரும் பார்க்க முடியாது. டிப்ளாய் பண்ணா கஸ்டமர் வாசல்ல கொண்டுபோய் இறக்குன மாதிரி. முதலாளி போன்லயே பார்க்கலாம்."

"இறக்கும்போது உடைஞ்சா?"

"அதான் பயம். அவரை வரச் சொல்லியிருக்கேன்."

அதனால்தான் அவன் அன்றைக்கு மேல்மாடியில் இருந்தான். பேங்கில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். என் பெண்டாட்டிக்காக லீவு.

கணக்கு அக்கா அவனுக்குக் கோப்பி கொடுத்தார்.

"தேங்க்ஸ் அக்கா" என்றான். பிறகு என் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வயரைக் கேட்டான்.

"ஏன் தம்பி, நான் அக்கா, அவ மட்டும் பேரா? நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு லா."

"உங்களைப் பார்த்தா மரியாதை வருது அக்கா."

"அப்ப அவளைப் பார்த்தா என்ன வருது?"

முதலாளி சிரித்தார். அவன் காது சிவந்தது. என் மனைவி திரும்பவில்லை, வயரைச் சொருகிக்கொண்டிருந்தாள். கணக்கு அக்கா என் பக்கம் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். வருஷக்கணக்காக அவரோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அன்றைக்கு அவர்மேல் பெரிய பிரியம் வந்தது.

என் மனைவி ஒரு வரி அடித்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் எழுத்து மேலே மேலே ஓடியது. கீழே யாரோ லோரியை ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

எழுத்து நின்றது.

"இப்ப உங்க போனைத் திறங்க பாஸ்" என்றாள்.

திறந்தார். வந்துவிட்டது. பெரிய திரையிலும் வந்தது. ஒவ்வொரு லோரிக்கும் ஒரு பட்டை. ஓடிய நேரம் பச்சை, நின்ற நேரம் ஆரஞ்சு. எந்த வாசலில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக. சுங்கை வே பட்டை முழுக்க ஆரஞ்சு. அதன் கீழே சின்னதாக, ஃபோர்க்லிஃப்ட் ஒன்றுதான் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தாள். நான் சொன்னது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அடேங்கப்பா" என்றார் முதலாளி. விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பக்கத்தின் அடிவரைக்கும் போனார். அங்கே நின்றார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. உருவாக்கியவர் என்று போட்டு ஒரு பெயர். முதலாளி அதைப் படித்தார். அவன் பெயர்.

வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது அந்த வரி வரவில்லை. ஏற்றும்போதுதான் அது அடியில் ஒட்டிக்கொள்ளுமாம். அவள் அன்றைக்குத் தட்டிய என்டர்தான். ஏற்கெனவே உள்ளதை எடுத்துக்கொண்டது. டெம்ப்ளேட் அவனுடையது. ஏற்கெனவே உள்ளது அவன்.

முதலாளி அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க செஞ்சதா தம்பி இது? நான் என்னமோ நினைச்சேன். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அவன் திரையைப் பார்த்தான். சிரித்தான்.

"ஹெல்ப் பண்ணேன் லா" என்றான்.

பொய் இல்லை. ஆனால் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

"பேங்குல எவ்வளவு தர்றாங்க? பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். யோசிங்க. இந்தம்மா இங்கருந்து விவரம் அனுப்பட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க."

அவனுக்கு நாற்காலி. அவள் மேருவிலேயே இருப்பாள். காலையில் என் காரில், ஜன்னல் பக்கம், முடி காயவைத்துக்கொண்டு. நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. நான் வாயைத் திறக்கிற ஆளும் இல்லை. நெஞ்சுக்குள் ஒன்று லேசானது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் கையைப் பார்த்தேன். மவுஸ்மேல் இருந்தது. அசையவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பளம் பாதி தூரம் வந்து திரும்பிப் போனபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது அவள் முகம். இது அப்பளம் இல்லை.

"பாஸ்" என்றேன்.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நான் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது போல.

"பேர்தான் அவரோடது. வேலை இவளோடது. என் வீட்டு மேசையில செஞ்சா. நான் பார்த்தேன்."

என் வாயில் அவர் என்று வந்தது. அதுவும் அவளுக்காகத்தான்.

முதலாளி அவளைக் கேட்டார். "அப்புறம் ஏம்மா அவர் பேர் இருக்கு?"

"என் பேர் போட்டேன் பாஸ். ஏத்துக்கல. என்டர் தட்டச் சொன்னாரு. தட்டிட்டேன்."

"பேர் கேட்டா பேர் போட வேண்டியதுதானே. அதுல என்ன ஏத்துக்காம?"

கணக்கு அக்கா கோப்பிக் கோப்பையை வைத்தார்.

"ஏ/பி போட்டியா?"

"போட்டேன்."

"கோடு?"

"கோடுதான்."

"ஹாய்யா" என்றார் அக்கா. "எனக்குப் பேங்கு ஃபாரம் அப்படித்தான். கோடு போட்டா தப்புங்கும். கோடு போடாட்டி ஐ.சி.யோட ஒத்துவரலைங்கும். கவுண்டர்ல போய் நின்னாத்தான் தீரும்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவரும் ஏ/எல்தானே.

"சென்னைக்குப் போறப்ப என் டிக்கெட்டுல ஏஎல்னு ஒண்ணாச் சேர்த்து அடிச்சிட்டான். ஏர்போர்ட்டுல யார் இந்த ஆல்னு கேக்கறான். பொண்டாட்டி பிள்ளை எல்லாம் உள்ள போயாச்சு. நான் வெளிய நிக்கிறேன்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"உங்க டெம்ப்ளேட்தானே தம்பி? நம்ம ஆளு செஞ்சது நம்ம ஆளு பேரையே ஏத்துக்கலையா?"

"எனக்கு வந்ததில்ல பாஸ். நான் கோடு போடறதில்ல."

"ஐ.சி.ல?"

"ஐ.சி.ல இருக்கு."

அவன் கோப்பியைக் கையில் எடுத்தான். குடிக்கவில்லை. "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றான், மெதுவாக. "வேலை முழுசும் அவங்களோடது பாஸ். டெம்ப்ளேட் மட்டும்தான் நான்."

சொன்னான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொன்ன பிறகு சொன்னான்.

"கொஞ்சம் இருங்க பாஸ்" என்றாள் என் மனைவி. கறுப்புத் திரையைத் திறந்தாள். முதலாளி எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். அவள் அடித்துக்கொண்டே பேசினாள். அவளுக்கு அந்தக் குரல் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆள் பேர் வேற, பெட்டி பேர் வேற. இதுல ரெண்டும் ஒண்ணாக் கட்டியிருக்கு. அதான் கோளாறு. ரெண்டையும் பிரிச்சிடறேன். பெட்டிக்குக் கம்பெனி பேர். ஆளுக்கு ஆள் பேர். இனி கோடு வந்தாலும் அதுக்குக் கவலை இல்ல."

அது மறுபடி கேட்டது. செய்கிறவர் பெயர். அவள் அடித்தாள். தன் பெயர். ஏ/பி. கோடு. அப்பா பெயர். சிவப்பு வரவில்லை. மறுபடி ஏற்றினாள். எழுத்து ஓடியது, நின்றது. முதலாளி போனை எடுத்து நேராக அடிக்குப் போனார். சத்தமாகப் படித்தார், கோட்டையும் சேர்த்து.

அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். லோரிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று கடைசி வரைக்கும் நின்றவர். போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். இப்போது கம்பெனி லோரி எல்லாவற்றுக்கும் அடியில் அவர் பெயர். செத்தும் மனுஷன் விடவில்லை.

"நாற்காலி உனக்குத்தாம்மா" என்றார் முதலாளி.

அவன் பையை எடுத்துக்கொண்டான். அவளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "வரேன் அங்கிள்" என்றான்.

"சரி" என்றேன்.

சாயங்காலம் காரில் கேட்டேன். "போறப்ப என்ன சொன்னான்?"

"சாரி சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்த்தாள். "நீங்க பேசுவீங்கன்னு நான் நினைக்கல."

"நானும் நினைக்கல."

அன்றைக்கு அப்பளம் பொரித்தாள். தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டாள். எடுத்து என் தட்டில் வைத்தாள்.

இப்போது காலையில் அவளைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறேன். கொமுட்டர் ரயில் ஏறிப் போகிறாள். முடியை வீட்டிலேயே காயவைத்துக் கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறாள். ஜன்னல் மூடியே இருக்கிறது. ஏர்கான் போடுகிறோம். பிறகு நான் தனியாக மேருவுக்கு ஓட்டுகிறேன்.

கிளாஸ் முடிந்துவிட்டது. அவனுடைய பேங்க் அவள் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம். அவள் சொல்லவில்லை. நான் ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்தேன்.

துறைமுகத்தில் வரிசை நகராத நேரத்தில் போனில் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். டிரைவர்களையும் பார்க்க விட்டிருக்கிறார்கள். என் பட்டையில் ஆரஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். நான் நேராக அடிக்குப் போவேன். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்தது. கடைசியாக, இது எப்படி ஓடுகிறது என்று எழுதியிருக்கிற பக்கம்.

அவளிடம் கேட்டேன். "கடைசிப் பக்கத்துல இன்னும் அவன் பேர் இருக்கே?"

"டெம்ப்ளேட் அவரு குடுத்ததுங்க. அதைச் சொல்லணும். அழிச்சா திருட்டு."

"ம்."

"எல்லாப் பக்கத்தையும் பார்த்தீங்களா?"

"வரிசை நகரல."

அவள் சொல்வது நியாயம்தான். நேற்றும் வரிசை நகரவில்லை. நேற்றும் எண்ணினேன். அவள் பெயர், கோட்டோடு, அவள் அப்பா பெயரோடு, பதினான்கு இடத்தில். என் பெயர் எங்கும் கிடையாது, டிரைவருக்கு லோரி நம்பர்தான். அவன் பெயர், ஒன்று.